சட்டமியற்றுவோரும் பணப்பையும்: கேள்வி கேட்ட சுவிஸ் இளையோர்

சூரிச் நகரின் பதினோராம் வட்டாரத்தில் அமைந்துள்ள ஓர்லிகோன், எம்மவர் பலருக்கு வேலைக்குச் செல்லும் வழியில் புகையிரதம் மாறும் இடம். ஆனால் உலகின் போர்க்களங்களில் அப்பெயருக்கு வேறொரு பொருள் உண்டு. இங்கு உருவான 20 மில்லிமீற்றர் பீரங்கி, இரண்டாம் உலகப் போரில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு அணிகளின் கைகளிலும் இருந்தது. அதனைத் தயாரித்த பூர்ல நிறுவனம் சுவிற்சர்லாந்தின் பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

1968ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தின் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆயுத ஏற்றுமதி தடைசெய்யப்பட்டிருந்த நாடுகளுக்குப் பொய்ப் பத்திரங்களைக் காட்டி ஆயுதங்கள் அனுப்பப்பட்டிருந்தன. பயாப்ராப் போரில் ஈடுபட்டிருந்த நைஜீரியாவும், இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவும் அவற்றுள் அடங்கும். 1970இல் நிறுவனத்தின் தலைவருக்குக் கிடைத்த தண்டனை எட்டு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறையும் 20,000 பிராங் அபராதமுமே. சினங்கொண்ட குடிமக்கள் ஆயுத ஏற்றுமதியையே தடைசெய்யக் கோரிக் கையொப்பம் திரட்டினர். 1972 செப்டெம்பர் 24ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் அக்கோரிக்கை சுமார் எட்டாயிரம் வாக்குகளால் மட்டுமே தோற்றது.

அன்று எழுந்த வினா இன்றும் ஓயவில்லை. பெருநிறுவனங்களின் பணம் சட்டமியற்றுவோரின் மேசைவரை எவ்வழியாகச் செல்கின்றது? அதை அறியும் உரிமை வாக்காளனுக்கு உண்டா?

இருளில் இருந்த நன்கொடை

நேரடி ஜனநாயகத்தின் தாயகம் எனப் போற்றப்படும் இந்நாட்டில், அரசியற் கட்சிகளுக்குப் பணம் கொடுப்போர் யாரென்பதை வெளியிட வேண்டுமென்ற சட்டம் கூட்டாட்சி மட்டத்தில் மிக அண்மைக்காலம்வரை இருக்கவில்லை. ஐரோப்பிய அவையின் ஊழல் எதிர்ப்புக் குழு 2011இல் இக்குறையைச் சுட்டிக்காட்டியது. அரசோ இதில் அவசரம் காட்டவில்லை.

இதன் விளைவை இளையோர் நேரிற் கண்டனர். ஒரு நிறுவனத்தின் அதியுயர் சம்பளம் மிகக்குறைந்த சம்பளத்தின் 12 மடங்கை மீறலாகாது என்ற கோரிக்கையை, யூசோ எனப்படும் இளம் சோசலிசவாதிகள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 2013 நவம்பர் 24ஆம் திகதி 65 வீதமானோர் அதனை நிராகரித்தனர். மக்களின் தீர்ப்பு தெளிவானது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் அப்பிரசாரத்திற்கு எவர் எவ்வளவு செலவிட்டனர் என்பதைக் கூற இரு தரப்பினரையும் எந்தக் கூட்டாட்சிச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

இது எம்மையும் தொட்ட விடயம். மினாரட் தடை (2009), குற்றமிழைத்த வெளிநாட்டவரை நாடுகடத்தல் (2010), குடிவரவுக் கட்டுப்பாடு (2014) ஆகியவற்றுக்கான சுவரொட்டிகள் புகையிரத நிலையங்களை நிறைத்த வேளையில், அவற்றுக்குப் பணம் கொடுத்தோரின் முழு விபரத்தை எம்மில் எவராலும் அறிய முடிந்திருக்கவில்லை. எமது வாழ்வு வாக்குக்கு விடப்பட்டது. அதற்கான செலவுக் கணக்கு மறைவில் இருந்தது.

சிறு மாநிலங்களில் தொடங்கிய மாற்றம்

பேர்ணில் அடைபட்ட கதவை இளையோர் மாநிலங்களில் தட்டினர். பழைமை பேணும் மாநிலமாகிய சுவிற்ஸில் யூசோ இளையோர் கையொப்பம் சேர்த்து, கட்சிகளும் வேட்பாளர்களும் தமது வருமானத்தையும் பிற தொடர்புகளையும் வெளிப்படுத்த வேண்டுமெனக் கோரினர். நன்கொடையாளரின் அந்தரங்கம் கெடும், நன்கொடையே வற்றிவிடும் என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். 2018 மார்ச் 4ஆம் திகதி சில நூறு வாக்குகளால் இளையோர் வென்றனர். அதே நாளில் பிறைபேர்க் மாநிலத்தில் இதையொத்த கோரிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டோர் ஆதரவளித்தனர். 2020 பெப்ரவரியில் சாவ்ஹவுசன் மாநில யூசோவின் கோரிக்கையும் வெற்றிபெற்றது.

கூட்டாட்சி மட்டத்தில் 2017 ஒக்ரோபரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் மக்கள் கோரிக்கையொன்று கையளிக்கப்பட்டிருந்தது. மாநிலங்களில் வீசிய காற்று பாராளுமன்றத்தையும் அசைத்தது. 2021இல் அது மாற்றுச் சட்டமொன்றை நிறைவேற்ற, கோரிக்கை மீளப்பெறப்பட்டது. 2022 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, பாராளுமன்றத்தில் அங்கம் வகிக்கும் கட்சிகள் ஒருவரிடமிருந்து ஓராண்டில் பெறும் 15,000 பிராங்குக்கு மேற்பட்ட நன்கொடையை வெளியிட வேண்டும். ஒரு பிரசாரத்திற்கு 50,000 பிராங்குக்கு மேல் செலவிடுவோரும் கணக்குக் காட்ட வேண்டும். பெயரற்ற நன்கொடைக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் தடை உண்டு. மீறுவோருக்கு 40,000 பிராங் வரை அபராதம். 2023 தேர்தலே இவ்விதிகளின்கீழ் நடந்த முதலாவது தேசியத் தேர்தலாகும்.

அடைபடாத ஓட்டைகள்

இதனால் எல்லாம் சீராகிவிட்டது எனக் கொள்ளலாகாது. சுவிஸ் பாராளுமன்ற உறுப்பினர்கள் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர் என்பது இந்நாட்டின் மரபு. ஆகவே காப்புறுதி நிறுவனமொன்றின் நிர்வாக சபையில் இருப்பவர் காப்புறுதிச் சட்டத்தை ஆராயும் குழுவிலும் இருக்கலாம். அப்பதவியையும் அது ஊதியத்துடன் கூடியதா இல்லையா என்பதையும் அவர் அறிவிக்க வேண்டும்; ஊதியத்தின் தொகையைக் கூற வேண்டியதில்லை. மேலும், இரு சபைகளிலுமுள்ள 246 உறுப்பினர்களில் ஒவ்வொருவரும் இருவருக்குப் பாராளுமன்றக் கட்டடத்தினுள் நுழையும் அனுமதி அட்டை பெற்றுக்கொடுக்கலாம். அவ்வட்டைகள் நிறுவனங்களின் பிரதிநிதிகளின் கழுத்திலும் தொங்குகின்றன.

இந்நோய் சுவிற்சர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரத் திட்டம், கொடுத்தவர் பெயரைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தது. 2024 பெப்ரவரி 15ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளுபடி செய்தது. பட்டியல் வெளிவந்தபோது, 1,368 கோடி ரூபாவுக்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது கோயம்புத்தூரில் வேர்கொண்ட ஒரு லொத்தர் நிறுவனம். அப்போது தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. பத்திரங்கள் வழியாகப் பெற்ற பணத்தின் பெரும்பகுதியும் அந்நிறுவனத்தினுடையதே. இலங்கையிலோ தேர்தற் செலவுக்கு எல்லை வகுக்கும் சட்டம் 2023இல்தான் பிறந்தது.

எமது பிள்ளைகளின் இடம்

"இது அவர்களின் அரசியல், எமக்கெதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் எம்மிடையே உளர். பேசியதற்காகவே ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் அச்சம் அது, எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆயினும் இங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அச்சத்தை முதுசமாகக் கொடுக்க வேண்டுமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

சுவிஸ் குடியுரிமை பெற்று 18 வயதை எட்டியவர் கையொப்பமிடலாம், வாக்களிக்கலாம், தாமே ஒரு கோரிக்கையைத் தொடங்கலாம். குடியுரிமை அற்றவர் இவற்றுள் எதையும் கூட்டாட்சி மட்டத்தில் செய்ய இயலாது. ஆனால் அரசியலமைப்பின் 33ஆவது உறுப்புரை, அதிகாரிகளிடம் மனுச் சமர்ப்பிக்கும் உரிமையை எவருக்கும் வழங்குகின்றது. அகதித் தஞ்சம் கோரிக் காத்திருப்பவருக்கும் அது உரியது. அதனைப் பயன்படுத்தியமைக்காக எவருக்கும் பாதகம் விளைவிக்கலாகாது எனவும் அதே உறுப்புரை கூறுகின்றது. 1991 முதல் நடைபெற்றுவரும் இளையோர் பாராளுமன்ற அமர்வும், 14 முதல் 21 வயதுவரையான இளையோரைப் பேர்ணுக்கு அழைத்துத் தம் கோரிக்கைகளை முன்வைக்கச் செய்கின்றது.

சுவிற்ஸில் வென்ற இளையோரிடம் பெரும் பணம் இருக்கவில்லை. சந்தியில் நின்று வழிப்போக்கரை மறித்து, மறுப்பவருக்கும் நன்றி கூறி, ஒவ்வொரு கையொப்பமாகச் சேர்த்தனர். வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டு உறையைத் திறவாமலே பழைய பத்திரிகைகளோடு கட்டிவைக்கும் வீடுகள் எம்மிடையே இன்றும் உள்ளன. அடுத்த உறை வரும்போது பிள்ளையை அருகில் இருத்தி அதனைத் திறவுங்கள். இப்பிரசாரத்திற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று அப்பிள்ளை கேட்டால், பெரிய பிரசாரங்களின் கணக்கு இப்போது கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றது எனச் சொல்லுங்கள். இருவருமாக அதைப் பாருங்கள்.