திருத்தணி: எல்லைக்கோட்டுக்கு முன்னும் பின்னும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்று பார்த்தால், எந்தக் காவடி எந்த மாநிலத்துக் காவடி என்று பிரிக்க முடியாது. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்து ஜனம் புஷ்பக் காவடியோடு வருகிறது. அரக்கோணம், சோளிங்கர், சென்னைக்காரர்களும் அதே 365 படிகளில்தான் ஏறுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அரோகரா ஒன்றுதான். படியோரப் பூக்காரம்மா ஒருவரிடம் “ரெண்டு முழமா?” என்று கேட்டு முழங்கையில் அளந்து கொடுக்கிறார், கை ஓய்வதற்குள் அடுத்தவரிடம் “ரெண்டு மூரலா?” என்கிறார். முகத்தைப் பார்த்ததுமே யாருக்கு எந்த மொழி என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கலப்பு இன்று நேற்று வந்ததில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் இங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் 1977இல் கிடைத்த செப்பேடுகள் பல்லவன் அபராஜிதனையும் சோழன் முதலாம் பராந்தகனையும் பேசுகின்றன. பிற்காலத்தில் இந்த ஊர் கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் வந்தது. அந்த ஜமீனின் ஆதரவில் சாரங்கபாணி தெலுங்கில் பதங்களும் கோவிந்தசாமய்யா பதவர்ணங்களும் எழுதினார்கள். அவை இன்றைக்கும் சென்னை மேடைகளில் ஒலிக்கின்றன. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய இதே தணிகையில்தான் திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை இயற்றினார் என்பது இசை மரபு. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் இந்த மலை கேட்டிருக்கிறது.

1888 செப்டம்பர் 5 அன்று இந்த ஊரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று நான்கு ஊர்களில் படித்தார். நான்கும் அன்று ஒரே சென்னை மாகாணம். திருப்பதிக்குப் படிக்கப் போவதை வேற்று மாநிலத்துக்குப் போவதாக அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

கோடு விழுந்தது 1953இல். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகு ஆந்திர மாநிலம் அமைவது உறுதியானது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணியோடு சேர்த்து, ஆந்திரத்துக்குப் போனது. இங்கே பெரும்பான்மையாக இருந்த தமிழர்கள் தாங்கள் படிக்க முடியாத மொழியில் நடக்கும் ஆட்சிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்து முன்பே விதைத்திருந்த உணர்வு இருந்தது, ம.பொ.சி. தலைமையில் தமிழரசுக் கழகம் களமிறங்கியது, உள்ளூரில் கே. விநாயகம் முன்னின்றார். மறியல், கைது, சிறை. பழனி மாணிக்கமும் கோவிந்தசாமியும் உயிரையே கொடுத்தார்கள். மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் கிராமம் கிராமமாக மொழிக் கணக்கைப் பார்த்துச் சொன்ன முடிவின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மறுபடி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்குப் போனது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் அங்கேயே நின்றுவிட்டன.

அந்தப் போராட்டம் நியாயமானது. தன் ஊர்த் தாலுகா ஆபீசில் தன் மொழியில் மனு எழுத முடியாதவன் எப்படிக் குடிமகனாக வாழ்வான்? ஆனால் கோடு எந்த இடத்தில் போட்டாலும் இரண்டு பக்கமும் சிறுபான்மை மிஞ்சியே தீரும். அவர்களை நாம் எப்படி வைத்துக்கொண்டோம் என்பதுதான் இன்றைய கதை.

போக்குவரத்து, வியாபாரம் எதற்கும் குறைவில்லை. பொன்பாடி செக்போஸ்டைத் தாண்டினால் ஆந்திரம். திருப்பதி பஸ்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. மின்சார ரயில் திருத்தணி வரை வருகிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிச் சத்தம்தான் நகரியிலும் புத்தூரிலும் கேட்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

தேய்ந்தது எழுத்து. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். பாட்டி தெலுங்கில் கேட்டால் பேரன் தெலுங்கிலேயே பதில் சொல்கிறான். ஆனால் பரணில் கிடக்கும் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தால் நாலு எல்லையில் ஒன்றைக்கூட அவனால் வாசிக்க முடியாது; அது தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளியிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழ் படிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாறுபாடில்லை. கூடவே தாய்மொழியையும் ஒழுங்காகப் படிக்க வழி இல்லாமல் போனதும், அதற்காகச் சிறுபான்மைப் பள்ளிகள் கோர்ட்டு வாசலில் நிற்க நேர்ந்ததும்தான் வருத்தம். எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இதுதான். தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன.

எழுத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் பெரிய சாட்சி ஸ்பெயின். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அதற்கும் மொராக்கோவுக்கும் நடுவே கடல் 14 கிலோமீட்டர்தான். பல நூற்றாண்டுகள் அரபும் ஸ்பானியமும் சேர்ந்து புழங்கிய மண் அது. 1492இல் அந்த மண்ணின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது. சில ஆண்டுகளில் அங்கே அரபு நூல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன் அரபு மொழி பேசவும் எழுதவும் தடை போட்டான். 1609இல் தொடங்கி முஸ்லிம் வழிவந்த மக்களையே வெளியேற்றினார்கள். இன்று கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனைச் சுவர் முழுக்க அரபு எழுத்து; அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நம் ஊரில் அப்படிப்பட்ட கொடுமை எதுவும் நடக்கவில்லை. கவனிப்பார் இல்லாமலே அதே இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இரண்டு அரசுகளும் மனது வைத்தால் இதைத் தடுப்பது பெரிய காரியமில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு அரசுப் பள்ளிகளில் விரும்புகிற பிள்ளைக்கு, வீட்டு மொழி எதுவானாலும், தெலுங்கு எழுதப் படிக்க ஒரு வகுப்பு. நகரி, சத்தியவேட்டில் அதேபோல் தமிழுக்கு ஒன்று. பாடநூலும் ஆசிரியரும் இரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். மாற்றிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போதும். எல்லையோர ஊர்களின் பெற்றோர் வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியரிடம் இதைக் கேளுங்கள்; எழுத்து மூலமாகவே கேளுங்கள்.