தாத்தாவின் இமை ஏன் ஒட்டிக்கொள்கிறது?

என் கெட்டிக்காரச் செல்லமே, காலையில் எழுந்ததும் உன் தாத்தாவின் கண்களைக் கவனித்திருக்கிறாயா? இமை ஓரம் சிவந்திருக்கும். முடிகளின் அடியில் பீளை காய்ந்து ஒட்டியிருக்கும். "கண்ணுக்குள்ள மண்ணு விழுந்தாப்புல கரகரங்குது" என்பார். "ஏன் அப்படி?" என்று உனக்குக் கேட்கத் தோன்றியதா? சபாஷ்! அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

குன்றாண்டார்கோவில் பக்கம் உள்ள பெரியவர்கள், "எல்லாம் இந்தச் செம்மண் புழுதிதான்" என்று சொல்லக்கூடும். புழுதி கண்ணை உறுத்தும், உண்மைதான். ஆனால் தினமும் காலையில் இமை ஒட்டுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இமைக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவர்கள் இதை இமை அழற்சி என்கிறார்கள்.

உன் இமை ஓரத்தில் குட்டிக் குட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் சுமார் 25. ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666-இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர்.

அந்த எண்ணெய் எதற்கு? நீ கண் சிமிட்டும்போதெல்லாம் அது கண்ணீரின் மேல் மெல்லிசாகப் பரவுகிறது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காக்கிறது. புரிகிறதா? எண்ணெய் வரவில்லையென்றால் கண்ணீர் காய்ந்துவிடும். கண் கரகரக்கும்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பாய். உறைந்துபோய், ஒரு சொட்டும் விழாது. வயதானவர்களின் இமைச் சுரப்பியிலும் எண்ணெய் இப்படித்தான் கெட்டியாகி வாயை அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கேட்டால் நீ கண்ணை அகல விரிப்பாய்! இமை முடியின் வேரில் டெமோடெக்ஸ் என்ற எட்டுக்கால் நுண்ணுயிர் வாழ்கிறது. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. வயது ஏற ஏற இது பெருகும். 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும். பயப்படாதே, பலருக்கு அது எந்தத் தொல்லையும் தருவதில்லை. அளவுக்கு மீறிப் பெருகினால்தான் இமை அரிக்கும், சிவக்கும்.

இமை அழற்சி எவ்வளவு பேருக்கு இருக்கிறது தெரியுமா? அமெரிக்கக் கண் மருத்துவர்களிடம் கேட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தங்களிடம் வருபவர்களில் 100-க்கு சுமார் 37 பேரிடம் இதன் அறிகுறி தெரிகிறது என்றார்கள். இவ்வளவு சகஜமாக இருந்தும், பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயசாச்சுல்ல" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் கைவைத்தியமே பெருமளவு உதவும்.

உறைந்த எண்ணெயை நீ என்ன செய்வாய்? சூடு காட்டுவாய் அல்லவா? அதேதான். பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். சூடு சரியா என்று பெரியவர் ஒருவர் முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவிவிட வேண்டும். கடைசியில் காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்து முடியின் அடியைத் துடைக்கலாம். ஒரு நாள் செய்துவிட்டு நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். தொடர்ந்து செய்ய வேண்டும்.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடவேண்டாம் என்று பாட்டியிடம் அன்பாகச் சொல். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

"மெட்ராஸ் ஐ மாதிரி எனக்கும் ஒட்டிக்குமா?" என்கிறாயா? நல்ல கேள்வி! இல்லை, அப்படிப் பரவாது. தாத்தா மடியில் தாராளமாக உட்காரலாம்.

ஒன்று மட்டும் நினைவில் வை. நம் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் பலர் கண்புரை அறுவைக்காக முகாமுக்குப் போவார்கள். "முதலில் இமையைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று மருத்துவர் சிலரைத் திருப்பி அனுப்புவதுண்டு. அழற்சி உள்ள இமையில் கிருமிகள் அதிகம். அறுவையின்போது அவை கண்ணுக்குள் போய்விடக் கூடாது, அதனால்தான். தாத்தா கோபித்துக்கொண்டு வந்தால், காரணத்தை நீ எடுத்துச் சொல். வெந்நீர்த் துணியை அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.