படைப்பின் கதையும் சொல்பவர் தகுதியும்

நூலைப் படிக்கப் புகுமுன் பாயிரத்தைப் படிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. சிறப்புப்பாயிரத்துக்கு இலக்கணம் கூறவந்த நன்னூலார், நூலை ஆக்கியவர் யார், அது எவ்வழியில் வந்தது, கேட்டோர் யாவர் என்பன போன்றவற்றை அதில் சொல்லவேண்டும் என்றார். காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுவோர் உளர் என்றும் குறித்தார். அவர் விதித்த மற்றொன்று இன்னும் நுட்பமானது. பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்ளலாகாது. அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, தகுதி வாய்ந்த உரைகாரரோதான் எழுத வேண்டும். ஒரு படைப்பு பிறந்த கதையைச் சொல்ல யாருக்குத் தகுதி உண்டு என்ற வினாவை அன்றே எழுப்பிவிட்டனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வினாவை மீண்டும் எண்ணச் செய்தது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. 'தி ஆஃபர்' என்பது அதன் பெயர். மைக்கேல் டோல்கின் உருவாக்கிய அத்தொடர் 2022 ஏப்ரல் 28 முதல் 'பாரமவுண்ட் பிளஸ்' என்னும் இணையவழித் தளத்தில் பத்துப் பகுதிகளாக வெளிவந்தது. 1972-இல் வெளியான 'தி காட்ஃபாதர்' திரைப்படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். படத்தின் கதை அன்று, படம் எடுத்த கதை.

அக்கதையில் சுவைக்குக் குறைவில்லை. மரியோ பூசோ கடன் தொல்லையால் நலிந்திருந்த எழுத்தாளர். அவர் 1969-இல் வெளியிட்ட நாவலைப் படமாக்க முனைந்த பாரமவுண்ட் நிறுவனம், பிரான்சிசு போர்டு கொப்பலா என்னும் இளைஞரை இயக்குநராக அமர்த்தியது. தலைமைப் பாத்திரத்துக்கு மார்லன் பிராண்டோ வேண்டும் என்றார் கொப்பலா, நிறுவனத்தார் மறுத்தனர். இளைய மகனாக ஆல் பசினோ வேண்டும் என்றார், அதற்கும் மறுப்பு. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிசு காட்சிகளை இருளடையச் செய்கிறார் என்ற முறையீடு வேறு. இவற்றோடு வெளியிலிருந்தும் ஓர் இடர் வந்தது. இத்தாலிய அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் படம் இது என்று ஜோ கொலம்போ என்பவர் தலைமையிலான அமைப்பு எதிர்த்தது. அந்த ஜோ கொலம்போவே ஒரு குற்றக் கும்பலின் தலைவர்! தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரட்டி அவரை நேரிற் சந்தித்து, 'மாஃபியா' என்ற சொல்லைத் திரைக்கதையிலிருந்து நீக்க இசைந்தார். அச்சொல் திரைக்கதையில் மிக அரிதாகவே இருந்தது என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. 1971 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் கொலம்போ சுடப்பட்டார். செயலிழந்த உடலோடு 1978 வரை வாழ்ந்து மறைந்தார். இத்தனை இடர்களைக் கடந்து வந்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதனைப் பெற்றுக்கொண்டவர் ரட்டி.

இனித் தொடரின் தொடக்கத்திலேயே காணப்படும் ஓர் அறிவிப்பைக் கருத வேண்டும். படத்தைத் தயாரித்த ஆல்பர்ட் ரட்டியின் அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டது இத்தொடர் என்கிறது அது. ஆகவே தொடரின் தலைவர் ரட்டியே, கொப்பலா துணைப்பாத்திரமாகிவிடுகிறார். சிக்கல் எதுவாயினும் அதனை அவிழ்ப்பவர் தயாரிப்பாளர். தொடரை வெளியிட்டதோ அன்று படம் எடுத்த அதே பாரமவுண்ட் குழுமம். நன்னூலார் கூடாது என்று விலக்கியதுதான் இங்கு நிகழ்ந்திருக்கிறது. செய்தவர் தாமே தமக்குப் பாயிரம் எழுதிக்கொண்டார்.

மற்றவர்கள் மட்டும் வாளாவிருந்தனரா என்றால் அதுவும் இல்லை. நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த இராபர்ட் எவன்சு 1994-இல் தம் வரலாற்றை எழுதினார். கொப்பலா சுருக்கிக் கொடுத்த படத்தை மீண்டும் நீட்டச் செய்தவர் தாமே என்று அதில் உரிமை கொண்டாடினார். கொப்பலா அதனை ஏற்கவில்லை. சுருக்கச் சொன்னதே நிறுவனம்தான் என்பது அவர் கூற்று. ஒரே அறையில் இருந்த இருவர் ஒரே நிகழ்ச்சியை எதிரெதிராகச் சொல்கின்றனர்.

இத்தகைய இடத்தில் நம் மார்க்க அறிஞர்கள் கையாண்ட முறை நினைவுக்கு வருகிறது. நபிமொழிகளைத் திரட்டிய இமாம்கள் செய்தியை மட்டும் பார்க்கவில்லை; அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் பார்த்தனர். அதற்கு 'இஸ்னாத்' என்றும், செய்தியின் வாசகத்துக்கு 'மத்ன்' என்றும் பெயரிட்டனர். அறிவிப்பாளரின் நேர்மை, நினைவாற்றல், அவர் தமக்குச் சொன்னவரை உண்மையில் சந்தித்தாரா என்பது வரை ஆராய்ந்தனர். பலர் பல வழிகளில் அறிவித்ததை ஒருதரமாகவும், ஓரிருவர் மட்டும் அறிவித்ததை வேறு தரமாகவும் வைத்தனர். நபிமொழியையும் திரையுலகச் செய்தியையும் ஒரு தட்டில் வைப்பது நம் கருத்தன்று. அவ்வாறு எவரும் கொள்ளற்க. முறை மட்டுமே இங்குக் கருதப்படுவது. அம்முறைப்படி நோக்கினால் 'தி ஆஃபர்' பெரும்பாலும் ஒருவர் வழி வந்த செய்தி. அவரோ அச்செய்தியால் புகழ் பெறுபவர்.

நம் இலக்கியத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அதுவும் தொலைவில் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே சென்றால் எட்டயபுரம். அங்கு அடங்கியிருப்பவர் உமறுப் புலவர். அவர் பாடிய சீறாப்புராணம் பிறந்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கீழக்கரைச் சீதக்காதி வள்ளல் பாடச் சொன்னார். சதக்கத்துல்லா அப்பா அவர்கள் முதலில் இசையாது பின்னர் இசைந்தார். நூல் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலராக வந்தார் என்பர். இவற்றுட் பெரும்பகுதி செவிவழிச் செய்தியே. நூலினுள்ளே பலவிடங்களிற் போற்றப்படுபவர் அபுல்காசிம். மக்கள் நாவில் நிலைத்தவரோ சீதக்காதி. இருவரில் எவர் பங்கையும் குறைப்பது நம் நோக்கமன்று. புலவர் தம் கையால் எழுதியது ஒரு சான்று. ஊரார் வழிவழியாகச் சொல்லியது மற்றொரு சான்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வகுப்பறையில் ஒப்புவிப்பதுதான் பிழை.

தமிழ்த் திரையுலகில் 'காட்ஃபாதர்' படத்தோடு ஒப்புநோக்கப்படுவது மணிரத்னத்தின் 'நாயகன்'. 1987-இல் வெளிவந்த அப்படத்தின் தலைவன் வேலு, தூத்துக்குடிக் கரையிலிருந்து பம்பாய்க்கு ஓடியவன். அவனை வளர்த்து ஆளாக்குபவர் உசேன் பாய் என்னும் இஸ்லாமியர். தாராவியைச் சென்னையில் அரங்காக எழுப்பினார் தோட்டா தரணி. கமல்ஹாசன், ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம், தோட்டா தரணி ஆகிய மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. 2005-இல் 'டைம்' இதழ் வெளியிட்ட நூறு சிறந்த படங்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

படம் எடுத்த கதைக்கு வந்தால், 2012-ஆம் ஆண்டு நல்ல பாடம். படத்துக்கு 25 ஆண்டு நிறைந்ததையொட்டிக் கமல்ஹாசன் 'தி இந்து' ஆங்கில நாளிதழில் தம் நினைவுகளை எழுதினார். அன்றைய பொருள் நெருக்கடியையும் தயாரிப்பாளரின் சிக்கனத்தையும் குறித்தார். தயாரிப்பாளர் முக்தா சீனிவாசன் அதே நாளிதழில் மறுத்து எழுதினார். அவ்வாண்டிலேயே பரத்வாஜ் ரங்கன் மணிரத்னத்தோடு நிகழ்த்திய உரையாடல்கள் நூலாக வந்தன. இயக்குநர் பக்கமும் தெரிந்தது. அமெரிக்கத் தொடரில் ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. இங்கு மூன்று குரல்கள் எழுத்தில் உள்ளன. முக்தா சீனிவாசன் 2018-இல் மறைந்தார். அவர் மறுமொழியை எழுதாது விட்டிருந்தால் அவர் பக்கம் இத்துணைத் தெளிவாக நமக்குக் கிடைத்திராது.

இவ்வட்டாரத்து மாணவர்க்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. 1977 சட்டமன்றத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானவர் எம்.ஜி.ஆர். அவர் தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' 1958-இல் வெளிவந்தது. பானுமதி பாத்திரம் இடையிலேயே மறைகிறது. பின்பகுதியில் சரோஜாதேவி வருகிறார். கருப்பு வெள்ளையில் தொடங்கும் படம் பிற்பகுதியில் வண்ணமாகிறது. ஏன் இவ்வாறு என்று கேட்டால் தறிக்கூடத்தில் ஒரு காரணமும், தேநீர்க் கடையில் வேறொரு காரணமும் சொல்வர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கீற்றுக்கொட்டகையில் அப்படத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் சென்று, சொல்பவர் பெயர், தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா, பிறர் என்றால் அவர் யார், கேட்டு எழுதிய நாள் எது என்பவற்றோடு குறித்துவைக்கத் தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க ஏடு ஒன்று போதும். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.