ஹாங்காங்: அப்போது முத்திரை, இப்போது ஒரு தாள்

1996இல் முதன்முறை ஹாங்காங் போனபோது பயமெல்லாம் கடைசி இரண்டு நிமிஷத்தில்தான் இருந்தது. கவுலூன் மொட்டைமாடிகளுக்குச் சற்று மேலே விமானம் வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. கொடியில் காயும் சட்டைகளின் நிறம்கூடத் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். குன்றின் மேல் பெயிண்ட் அடித்திருந்த பெரிய கட்டங்களைக் குறியாக வைத்து விமானி தன் கையாலேயே திருப்பி இறக்க வேண்டிய இடம் அந்தக் கைடாக் விமான நிலையம்.

தரை தொட்டபின் கவலை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினால் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. மறு ஆண்டு ஜூலை 1இல் ஊர் சீனாவிடம் போனது. 1998 ஜூலை 6இல் கைடாக்கை மூடி, செக் லாப் கோக்கில் புதிய நிலையம் திறந்தார்கள். கடலோரத்தில் அலுங்காமல் இறங்கலாம். பயம் மட்டும் போகவில்லை. இடம் மாறி, சென்னையிலேயே காத்திருக்கிறது.

2017 ஜனவரி முதல் இந்தியர்கள் கிளம்புமுன் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் இல்லை. பதிவு ஆறு மாதம் செல்லும். ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். ஒப்புதல் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். பதிவு மறுக்கப்பட்டால் விசாவுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு: இனிஷியல். என் மைத்துனர் அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குழம்பி, பாஸ்போர்ட்டில் இருப்பதற்கு நேர்மாறாக நிரப்பிவிட்டார். நள்ளிரவில் விமான நிறுவனத்தின் கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். போனிலேயே மறுபடி பதிந்தோம், ஒப்புதலும் உடனே வந்தது. ஆனால் அந்த நேரத்தில் பிரின்டருக்கு எங்கே போவது? ஒரு டிராவல் ஏஜென்சிப் பையன் இரக்கப்பட்டதால் மனிதர் விமானம் ஏறினார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து அதன்படியே நிரப்புங்கள்.

முத்திரையும் இன்று கிடையாது. அனுமதி நாள் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்று தருகிறார்கள். கடைசித் தேதி அதில்தான் இருக்கிறது. பஸ் டிக்கெட் என்று நினைத்துக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊருக்குள் அன்று சட்டைப்பை நிறையச் சில்லறையோடு அலைந்தேன். 1997இல் வந்த ஆக்டோபஸ் அட்டை அந்தப் பாரத்தை இறக்கிவிட்டது. ரயில், பஸ், டிராம், படகு, தேநீர்க் கடை எல்லாவற்றுக்கும் அதுவே. ஆனாலும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும், சிறு கடைகள் பலவற்றில் பணம்தான் கேட்கிறார்கள். அங்கே பெரும்பாலான நோட்டுகளை வெளியிடுவது மூன்று வங்கிகள். ஒரே நூறு டாலர் மூன்று முகத்தில் வரும். முதல் பயணத்தில் கள்ள நோட்டென்று நினைத்து ஒரு கடைக்காரரிடம் வாதாடியிருக்கிறேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விமான நிலைய விரைவு ரயில் 24 நிமிஷத்தில் நகரத்துக்குள் விட்டுவிடும். காசு மிச்சம் பிடிப்பவர்கள் ஏ21 பஸ்ஸின் மாடியில் உட்காரலாம். அது நேதன் சாலையில், சுங்கிங் மேன்ஷன்ஸ் பக்கம் வருகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் நம் நாக்குக்கு அடைக்கலம் அந்தக் கட்டடம்தான். காயல்பட்டினத்து ரத்தின வணிகர்கள் பல்லாண்டுகளாக இருக்கும் ஊர் என்பதால் அங்கே தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்படவேண்டாம். சைவர்கள் சீன உணவகத்தில் வெறும் கீரைதானே என்று நம்பிவிடக் கூடாது. மேலே ஊற்றியிருப்பது சிப்பிச் சாறாக இருக்கும்.

மூன்று பட்டை முள் உள்ள பிரிட்டிஷ் பிளக்குக்கு அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சிகரெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், 2022 முதல் உள்ளே கொண்டுவரத் தடை.

கடைசியாக, "ஷென்ஜென் பக்கம்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்" என்று கிளம்பாதீர்கள். மெட்ரோ ரயில் எல்லை வரை போகும், ஹாங்காங் பதிவு அதைத் தாண்டாது. அந்தப் பக்கம் சீன விசா தனி.