புகை குறைந்தது சரி, இழுவை எங்கே போனது?

"காரை மாற்றினேன். பெற்றோல் குறைவாகத்தான் குடிக்கிறது. ஆனால் பழைய காரின் இழுவை இதில் இல்லை." கடந்த சில வருடங்களாக வியாபார நண்பர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இதைக் கேட்டவுடன் கராஜில் ஒரு பாஸ் சொல்வார்: "நானா, புகைக்கென்று பூட்டியிருக்கிற சாமானெல்லாம் கழற்றிப் போடுவோம், வண்டி பறக்கும்." சிலர் கழற்றியும் விடுகிறார்கள். கழற்றிய சாமானுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வாகன வியாபாரி அல்ல, ஹார்ட்வெயார் கடைக்காரன். ஆனால் முப்பது வருடங்களாகக் கொழும்புக்கும் அக்குறணைக்குமிடையே கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனம் ஓட்டி வருபவன். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் கையிலிருந்த கார்களையே ஓட்டினோம். அவை இப்போது பத்து வருடத்தைத் தாண்டிவிட்டன. அதனால் இந்தக் கேள்வியில் பெருந்தொகைப் பணம் இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். எஞ்சினுக்குச் சக்தி பெற்றோலிலிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். பெற்றோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. டர்போ இல்லாத 1000 சி.சி. எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு லீற்றர் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதற்கு மேல் இழுக்க வழியில்லை. டர்போ உள்ள எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். ஓரிடத்தில் இழந்ததை இன்னோரிடத்தில் ஈடுசெய்துகொள்ளும். டர்போ இல்லாததற்கு அந்த வசதி கிடையாது. கைமுதல் மட்டும் உள்ள கடையும் வங்கியில் ஓவர் டிராஃப்ட் உள்ள கடையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவுக்குக் காரில் போனவர்களுக்கு இது தெரியும். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத காரின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். புகைக் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, புகைக் கட்டுப்பாட்டால் எஞ்சின் பலவீனமாகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. 1970இல் அங்கே தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு மாடல்களில் முக்கியமான நச்சு வாயுக்களை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார்கள். அதைச் செய்யும் தொழில்நுட்பம் அப்போது கம்பனிகளின் கையில் இல்லை. அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள், ஸ்பார்க் நேரத்தைப் பிந்தவிட்டார்கள், அவசரத்தில் எதையெதையோ பூட்டினார்கள். 1970இல் 300 குதிரை வலு என்று விற்கப்பட்ட கொர்வெட் காரின் சாதாரண 5.7 லீற்றர் எஞ்சின், 1975இல் வெறும் 165 குதிரை வலுவுக்கு இறங்கியது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு, வியாபாரிகளுக்கு உடனே பிடிபடும். 1971 வரை அங்கே எஞ்சினைத் தனியாக மேசையில் வைத்து, சைலன்ஸர், ஜெனரேட்டர் எதுவும் இல்லாமல் அளந்த வலுவைப் போட்டார்கள். அது மொத்த இலாபம் மாதிரி. 1972 முதல் எல்லாம் பூட்டிய நிலையில் அளந்து போட்டார்கள். அது தேறிய இலாபம். ஆகவே குறைந்ததாகத் தெரிந்ததில் ஒரு நல்ல பங்கு கணக்கெழுதும் முறை மாறியதால் வந்தது. இருந்தாலும் உண்மையான இழப்பும் இருந்தது. அந்தக் காலத்துக் கெட்ட பெயர்தான் இன்னும் நம் கராஜ்களில் உலாவுகிறது.

ஜப்பான்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஹொண்டா கம்பனி சி.வி.சி.சி. என்ற எஞ்சினைச் செய்து, கெட்டலிட்டிக் கொன்வர்ட்டர் இல்லாமலே அந்த அமெரிக்கச் சட்டத்தின் அளவைத் தொட்டுக் காட்டியது. அதே கம்பனி 1989இல் இன்டெக்ரா காரில் வீ-டெக் எஞ்சினைப் போட்டது. 1.6 லீற்றர், டர்போ கிடையாது, கொன்வர்ட்டர் உண்டு, 160 குதிரை வலு. சுத்தமான எஞ்சின் சோம்பல் எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

இப்போது நமது கார்களுக்கு வருவோம். அதிகம் குற்றம் சாட்டப்படுவது கெட்டலிட்டிக் கொன்வர்ட்டர். புகைக்குழாயின் வழியில் தேன்கூடு போன்ற ஒரு துண்டு, அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு. நச்சு வாயுக்கள் அதைக் கடக்கும்போது மாற்றமடைகின்றன. நல்ல நிலையிலுள்ள கொன்வர்ட்டர் புகையை மறிப்பது மிகக் கொஞ்சம்; கடைத்தெருவில் ஓடும் காரில் அதை உணரவே முடியாது. ஆனால் அது சரியாக வேலை செய்ய, நான் மேலே சொன்ன 14.7 என்ற கலவையிலேயே எஞ்சின் ஓட வேண்டும். அதிகபட்ச வலு கிடைப்பதோ பெற்றோல் சற்றுக் கூடிய, 12.5, 13 அளவிலான கலவையில். அந்த வித்தியாசம்தான் கொன்வர்ட்டருக்காக நாம் கொடுக்கும் உண்மையான விலை. அதுகூடச் சில சதவீதம்தான்.

உண்மையில் இழுவையைக் கொல்வது அடைபட்ட கொன்வர்ட்டர். பிளக் அல்லது கொயில் பழுதாகி எரியாத பெற்றோல் அதற்குள் போனால், உள்ளே எரிந்து தேன்கூடு உருகிவிடும். எஞ்சின் ஒயில் குடித்தாலும் கெடும். ஈயம் கலந்த பெற்றோலும் அதற்கு நஞ்சு; நம் நாட்டில் அது 2002இல் நிறுத்தப்பட்டது. அடைபட்டுவிட்டால் புகை வெளியேற வழியில்லை, புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. ஏற்றத்தில் கார் மூச்சுத் திணறும். அதைக் கழற்றியவுடன் "பறக்கிறது" என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். பழுதான பிளக்கும் கொயிலும் அப்படியேதான் இருக்கும்.

கழற்றிய சாமான் எங்கே போகிறது? அந்த மூன்று உலோகங்களுக்கும் நல்ல விலை உண்டு. பழைய கொன்வர்ட்டர்களை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். "ஃப்ரீயாகக் கழற்றித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஏன் அவ்வளவு தாராளமாக இருக்கிறார் என்று யோசிப்பது நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி அப்படிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை புகைப் பரிசோதனையில் சித்தியடையாமல், திரும்ப ஒன்றைத் தேடிப் பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தார். 2008 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இரண்டாவது குற்றவாளி ஈ.ஜி.ஆர். எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு. கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் எரியும் வெப்பம் மிகக் கூடும்போதுதான் நைட்ரஜன் ஒக்சைட்டு என்ற நச்சு உருவாகிறது. எரிந்த புகை உள்ளே கலந்தால் வெப்பம் குறையும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களில் அந்த வால்வு மூடிக்கொள்ளும். ஆகவே முழு வலுவில் அது கைவைப்பதில்லை. அரைவாசி மிதிக்கும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அதைத் தகடு வைத்து அடைக்கும் பழக்கம் இருக்கிறது. நமது பரிசோதனையில் பெற்றோல் கார்களுக்குக் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் பார்ப்பதால், அடைத்தவரும் சித்தியடைந்துவிடுவார். ஆனால் புகை கலந்துதான் வருகிறது என்று நம்பி கம்பியூட்டர் ஸ்பார்க்கை முந்திக் கொடுக்கும். புகை வராவிட்டால் எஞ்சின் தட்டும்; தட்டுவதைக் கேட்டு கம்பியூட்டர் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும்; வலு குறையும். இழுவை வேண்டுமென்று அடைத்தவருக்கு இழுவையும் இல்லை. கரி படிந்திருந்தால் கழற்றிக் கழுவிப் பூட்டச் சொல்லுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். இன்றைய சிறிய கார்களில் இழுவை குறைந்ததற்குப் பெரிய காரணம் பூட்டிய சாமான்கள் அல்ல. எஞ்சினையே வேறு மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். அட்கின்சன் முறை என்று அதற்குப் பெயர். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வரும் வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைப்பார்கள். உள்ளே இழுத்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். ஆக 1500 சி.சி. எஞ்சின், அதைவிடச் சிறிய எஞ்சினின் காற்றைத்தான் எரிக்கும். ஆனால் எரிந்த பிறகு விரிவதற்கு முழு நீளமும் கிடைக்கும். ஒவ்வொரு துளி பெற்றோலிலிருந்தும் கூடுதல் வேலை வாங்கலாம். மொத்த வேலை மட்டும் குறைவு.

கணக்கைப் பாருங்கள். டொயோட்டாவின் 1.5 லீற்றர் 1என்.இஸட். எஞ்சின் சாதாரண விட்ஸ், அக்சியோ கார்களில் 109 குதிரை வலு. அதே குடும்பத்து எஞ்சின் அட்கின்சன் முறையில் அக்வா ஹைபிரிட்டில் 74 குதிரை வலுதான். குறைந்ததை மின்சார மோட்டார் நிரப்புகிறது. இரண்டும் சேர்ந்து 100. பட்டறி பழுதாகி வலுவிழந்த அக்வாவை வாங்குபவர், ஏற்றத்தில் 1.5 லீற்றர் காரை எதிர்பார்த்து 74 குதிரை வலுவில் நிற்பார். விலை மலிவு என்று பழைய ஹைபிரிட்டை வாங்கப் போகிறவர்கள் பட்டறியைப் பரிசோதிக்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

ஹைபிரிட் இல்லாத கார்களுக்கும் இந்த முறை வந்துவிட்டது. 2014இல் டொயோட்டா தனது 1000 சி.சி., 1300 சி.சி. எஞ்சின்களை அட்கின்சன் முறைக்கு மாற்றியது. எரிபொருளின் சக்தியில் 37, 38 சதவீதம் வரை வேலையாக மாறுகிறது என்று அறிவித்தது. பெற்றோல் எஞ்சினுக்கு அது பெரிய சாதனை. 1000 சி.சி. விட்ஸில் வலு 69 குதிரை என்று பழையபடியேதான் பத்திரத்தில் இருந்தது. டோர்க் என்னும் இழுவை விசையும் அதே 92 நியூட்டன் மீற்றர்தான். ஆனால் முன்பு நிமிடத்துக்கு 3600 சுற்றில் கிடைத்த அந்த உச்சம், மாற்றத்துக்குப் பிறகு 4300 சுற்றில்தான் கிடைத்தது. பத்திரத்தைப் பார்த்தால் குறைவில்லை, காலால் மிதித்தால் குறைவு தெரியும். "என் காலுக்கு ஏதோ குறைகிறது" என்று சொன்ன நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இதனோடு ஒப்பிட சுசுகி வேகன் ஆர் நல்ல உதாரணம். 658 சி.சி. எஞ்சின், டர்போ இல்லாதது 52 குதிரை வலு, 63 நியூட்டன் மீற்றர் இழுவை. அதே எஞ்சின் டர்போவுடன் 64 குதிரை வலு, 95 நியூட்டன் மீற்றர், அதுவும் 3000 சுற்றிலேயே. விட்ஸின் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள எஞ்சின், இழுவையில் அதற்குச் சற்று மேல். குதிரை வலுவை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியாமல் போய்விடும்.

சி.வி.டி. கியரும் இதில் பங்காளி. பெற்றோல் மிச்சத்துக்காக எஞ்சினைக் குறைந்த சுற்றிலேயே வைத்திருக்கப் பார்க்கும். ஈகோ பட்டன் போட்டிருந்தால் நாம் பாதி மிதித்தாலும் கம்பியூட்டர் கால்வாசிதான் திறக்கும். மலையேறும்போது அதை நிறுத்திவிட்டு, தாராளமாக மிதித்து, 4000 சுற்றுக்கு மேல் போகவிடுங்கள். சத்தம் கூடுவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அந்த எஞ்சினின் இழுவை அங்கேதான் இருக்கிறது.

இதனால் நமக்கு நட்டமா இலாபமா? மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய கார் லீற்றருக்கு 12, புதியது 18 என்று வைத்தால், 125 லீற்றர் 83 ஆகக் குறைகிறது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போன நாட்களில், அது மாதம் ஏறக்குறைய 19,500 ரூபா. அன்று வரிசையில் நின்ற யாரும் இழுவையைப் பற்றிப் பேசவில்லை.

தனியாகக் கடைக்கும் வங்கிக்கும் ஓடுபவருக்கு 1000 சி.சி. அட்கின்சன் எஞ்சின் போதும். இறக்குமதி வரி சி.சி. அளவைப் பார்த்து விதிக்கப்படுவதால் அந்தக் கார் மலிவாகவும் படும். ஆனால் வாரம் இருமுறை பின்சீற்றை மடித்துச் சாமான் ஏற்றி, ஐந்து பேருடன் ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் போகிறவர் அதை வாங்கி, பிறகு கராஜில் கொன்வர்ட்டரைக் கழற்றி இழுவை தேடுவது வீண் செலவு. அவருக்கு 1300, 1500 சாதாரண எஞ்சின் அல்லது டர்போ. வாங்குமுன் விற்பவரிடம் கேட்டு, காரில் நான்கு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு காரைத் தூக்கி அடியில் டோர்ச் அடித்து, கொன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால், புதிதாக ஒன்று போடும் செலவைக் கேட்டறிந்து விலையில் கழித்துப் பேசலாம்.