நாயோடு பாய் விரிப்பதற்கு முன்

இங்கிலாந்தின் தென்கரையில் வாழும் பாய்மரப் படகோட்டிகள், கோடை விடுமுறையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் நார்மண்டி, பிரிட்டனிக் கரைகளிலுள்ள சிறு துறைகளில் சில வாரங்கள் தங்கித் திரும்புவது நெடுங்கால வழக்கம்.  வளர்ப்பு நாயும் உடன் ஏறுமானால் அப்பயணத்தின் திட்டம் அடியோடு எப்படி மாறிப்போகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். காற்றைப் பார்த்து நாள் குறிப்பது மனிதர் மட்டுமே செல்லும் பயணத்திற்குப் போதும். நாய் செல்லும் பயணத்திற்கு நாள் குறிப்பவை ரேபிஸ் எனும் வெறிநோயைத் தடுக்க எழுந்த சட்டங்கள்.

அச்சட்டங்களின் காரணத்தை அறியாதவர்க்கு அவை அதிகாரிகளின் கெடுபிடியாகவே தோன்றும். ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்புகளின் வழியே மெல்ல நகர்ந்து மூளையை அடைகிறது. அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் ஓடியாடி உண்டு நலமாகவே காணப்படும். பிரிட்டன் 1902-இல் இந்நோயை ஒழித்தது. முதல் உலகப்போரின் முடிவில், 1918-இல், திரும்பி வந்த படைவீரர்கள் மறைத்துக் கொண்டுவந்த நாய்கள் வழியே அது மீண்டும் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. 1922-இல்தான் மறுபடியும் ஒழிந்தது. வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்துவைத்துக் கண்காணிக்கும் கட்டாயத் தனிமைக் காப்பு நடைமுறை அந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நீடித்ததற்கு இந்த அனுபவமே காரணம். குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கும் செல்லப்பிராணிப் பயணத் திட்டம் 2000 பிப்ரவரி 28 அன்றுதான் தொடங்கியது.

புதிய முறையின் அடித்தளம் மைக்ரோசிப். அரிசிமணியளவுள்ள அந்தச் சில்லை ஊசி வழியே நாயின் தோள்பட்டைகளுக்கிடையே தோலுக்கடியில் செலுத்துவார்கள். படிப்பானை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். வரிசை மாறி, ஊசி முதலிலும் சில்லு பின்னரும் வந்திருந்தால், எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்பதை நிறுவ வழியில்லாமையால் அந்த ஊசி கணக்கில் சேராது. நாய்க்குக் குறைந்தது 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும் என்பதும், முதல் ஊசிக்குப் பின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக 21 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் இவற்றுடன் சேர்ந்தவை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் விளைவாக, அங்கு வழங்கப்பட்ட நாய்க் கடவுச்சீட்டுகள் 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்திற்குள் செல்லாதவையாயின. அவற்றுக்கு மாற்றாக வந்த விலங்கு நலச் சான்றிதழை ஒவ்வொரு பயணத்திற்கும் கால்நடை மருத்துவரிடம் புதிதாகப் பெற வேண்டும். பெற்ற 10 நாட்களுக்குள் ஒன்றிய எல்லைக்குள் நுழைந்துவிட வேண்டும். காற்றுக்காகத் துறையில் காத்துக்கிடப்பது பாய்மரப் படகோட்டிக்கு இயல்பான ஒன்றாதலால், இந்தப் பத்து நாள் வரம்பு விமானப் பயணியைவிட அவரையே அதிகம் நெருக்குகிறது. நுழையும் இடமும் விருப்பம்போல் அமைவதில்லை. விலங்குகளின் ஆவணங்களைச் சரிபார்க்க ஏற்பாடுள்ள ரோஸ்கோஃப், சாங் மாலோ, ஷெர்பூர் போன்ற துறைமுகங்களுக்கே முதலில் செல்ல வேண்டியிருப்பதால், மனம் விரும்பிய சிறு குடாவில் முதல் நங்கூரத்தைப் போட முடியாது.

பலரும் கவனிக்கத் தவறுவது திரும்பும் வழியை. பிரான்சிலிருந்து சொந்தப் படகில் நாயை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக் கரையில் இறங்குவதைப் பிரிட்டன் அனுமதிப்பதில்லை. தனியார் படகில் நாயோடு வரும் உரிமை அயர்லாந்துத் தீவு, சேனல் தீவுகள், மேன் தீவு ஆகியவற்றிலிருந்து வருவோர்க்கு மட்டுமே உண்டு; மற்றவர்களின் நாய்கள் அங்கீகாரம் பெற்ற வழிகளில் மட்டுமே, பெரும்பாலும் பயணிக்கப்பலிலோ, கால்வாய்க்கு அடியில் 1994-இல் திறக்கப்பட்ட சுரங்கத்தில் ஓடும் ரயிலிலோ திரும்பியாக வேண்டும். அந்த ரயிலில் நாய் காரோடுதான் ஏற முடியும். பல பயணிக்கப்பல்களிலும் அதுவே நிலை. எனவே படகில் சென்ற குடும்பம், நாய் திரும்புவதற்காக ஒரு காரையும் அதை ஓட்ட ஒருவரையும் பிரெஞ்சுக் கரையில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; மீதமுள்ளோர் படகைத் தாயகம் சேர்க்க வேண்டும். உரிமையாளர் அல்லாதவர் நாயை அழைத்துவருவதாயின் எழுத்துவழி அனுமதி தேவை. நாயின் பயணத்திற்கும் உரிமையாளரின் பயணத்திற்கும் இடையே 5 நாட்களுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. துணையின்றித் தனியே படகோட்டுபவர் நாயோடு பிரான்ஸ் செல்லத் திட்டமிடுவது ஏறக்குறைய இயலாத காரியம். அவருக்கு அயர்லாந்தே தகுந்த கரை.

திரும்பும்போது இன்னொரு நிபந்தனையும் காத்திருக்கிறது. எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்னும் நாடாப்புழு ஐரோப்பிய நரிகளிடமும் நாய்களிடமும் வாழ்கிறது. அதன் முட்டை மனித உடலுக்குள் சென்றால் கல்லீரலில் புற்றுபோல் பரவும் கொடிய நோய் உண்டாகிறது. அது பிரிட்டனில் இல்லை. ஆகவே அந்நாட்டை அடைவதற்கு முன், 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் 120 மணி நேரத்திற்கு மிகாமலும், பிராசிகுவான்டெல் அடங்கிய மருந்தைக் கால்நடை மருத்துவர் கொடுத்து, நாளையும் நேரத்தையும் ஆவணத்தில் பதிய வேண்டும். மருந்து கொடுத்தபின் புயல் எழுந்து கப்பல் நின்று, 120 மணி நேரம் கடந்துவிட்டால், மருத்துவரிடம் மீண்டும் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

கிழக்கு மத்தியதரைக் கடலில் படகு வாடகைக்கு எடுப்போர்க்குச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கிரேக்கத்தின் காஸ்டெல்லோரிசோ தீவு துருக்கிக் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. தீவிலிருந்து காலை உணவுக்குப் பின் கிளம்பினால் மதிய உணவுக்குள் துருக்கியை அடைந்துவிடலாம். ஆனால் துருக்கி, ரேபிஸ் கட்டுப்பாட்டிற்காக ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இல்லை. அங்கு இறங்கிய நாய் கிரேக்கத்திற்குத் திரும்ப, அதன் இரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதை ஏற்புபெற்ற ஆய்வகம் உறுதிசெய்திருக்க வேண்டும். ஒன்றியத்தை விட்டுப் புறப்படும் முன்பே அச்சோதனையை முடித்துக் கடவுச்சீட்டில் பதிந்திருந்தால் தாமதமில்லை. இல்லையெனில், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். தடுப்பூசிக்கு முன்பே கிருமி தொற்றியிருந்தால் அது வெளிப்படுவதற்காக வைத்த அவகாசம் அது. இந்தியாவும் அப்பட்டியலில் இல்லாததால், சென்னையிலிருந்து நாயோடு ஒன்றியத்திற்குச் செல்ல விரும்புவோர் தடுப்பூசிக்குப் பின் 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருந்தே புறப்பட முடியும். குறைந்தது நான்கு மாதத்திற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஆவணங்கள் முடிந்தபின் நாயின் உடல் கேட்பவை எஞ்சுகின்றன. வீட்டில் வளர்ந்த நாய், பழகாத இடத்தில் சிறுநீரை மணிக்கணக்காக அடக்கிவைத்துக்கொண்டு தவிக்கும். வீட்டுத் தோட்டத்தில் அது வழக்கமாகப் போகும் இடத்தில் செயற்கைப் புல்விரிப்பு ஒன்றைச் சில வாரங்கள் போட்டுப் பழக்கி, மணம் ஏறிய அதே விரிப்பைப் படகின் முன்பகுதியாகிய அணியத்தில் கயிற்றால் கட்டிவைப்பது பயன் தருகிறது. பக்கக் கம்பிகளில் வலை கட்டுவதும், முதுகில் கைப்பிடி தைத்த மிதவைச் சட்டையை நாய்க்கு அணிவிப்பதும் தவிர்க்கக் கூடாதவை. நீரில் விழுந்த நாயை அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் தூக்க முடியும். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. நிழற்பாயும் போதிய நன்னீரும் இல்லாத மேல்தளம் அதன் உயிருக்கே ஆபத்து. தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் உப்பு நஞ்சாகிறது. மத்தியதரைக் கரைகளில் அந்தி முதல் விடியல்வரை பறக்கும் மணல் ஈக்கள் லீஷ்மேனியா நோயைப் பரப்புவதால், அவற்றை விரட்டும் மருந்திட்ட கழுத்துப்பட்டையும் தேவை.

முதிய நாய், இதயநோயுள்ள நாய், படகு சாய்ந்தாலே நடுங்கும் நாய் ஆகியவற்றுக்கு இந்தப் பயணம் விடுமுறையே அன்று. உரிமையாளரின் ஆசைக்காக அவற்றை ஏற்றிச் செல்வது அன்பாகாது. அவை அறிந்து பழகிய உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதே முறை.