பழைய வெட்டுக் கடதாசிக்குப் புதிய உருவம்

தையல் இயந்திரம் உள்ள பழைய வீடுகளில் அதன் இழுப்பறையை ஒருமுறை துழாவிப் பாருங்கள். உடைந்த ஊசி, ஒற்றைப் பொத்தான், நூற்கட்டை ஆகியவற்றின் அடியில், நான்காக மடித்த பழுப்புக் கடதாசிகள் சில கிடைக்கக்கூடும். பாட்டியோ பெரியம்மாவோ தம் கையால் வெட்டி வைத்த சட்டை மாதிரிகள் அவை. கண்டியைப் போன்ற ஈரம் மிகுந்த மலைநகரில் கடதாசிக்கு ஆயுள் குறைவு. பூஞ்சணம் பிடித்து, மடிப்பிலே முறிந்து, ஒரு நாள் அடுப்பங்கரைக்குப் போய்விடும். அந்தக் கை அறிந்திருந்த அளவுகளும் அதனோடு போய்விடும். வேறெங்கும் எழுதி வைக்கப்படாத கணக்கு அது.

அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், வெவ்வேறு அளவுகளில் வெட்டிய கடதாசி மாதிரிகளை விற்கத் தொடங்கியது 1863ஆம் ஆண்டிலாகும். சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. இயந்திரமும் மாதிரியும் கைக்கு எட்டிய பின்னர், தையற்காரரின் வாசலில் காத்து நிற்காமல், வீட்டுப் பெண்களே குடும்பத்தின் உடைகளை வெட்டித் தைக்கலாயினர்.

ஐம்பதுகளின் இடுப்பிறுகிய சட்டையும் குடைப் பாவாடையும் இன்று மீண்டும் விரும்பப்படுகின்றன. ஆயினும் பழைய மாதிரியை அப்படியே வெட்டினால், நாடக மேடைக்குப் புறப்பட்டவர் போலத் தோன்றும். சிறிது மாற்ற வேண்டும்.

முதலில், மூலக் கடதாசியில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். மெல்லிய தாளை அதன்மீது பரப்பி, பென்சிலால் படியெடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு விடும் ஓரம் அதில் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள். கடையில் வாங்கியவற்றில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். வீட்டில் வெட்டியவற்றில் பெரும்பாலும் இராது. உறையில் அச்சிட்ட இலக்கத்தையும் நம்ப வேண்டாம். அமெரிக்க மாதிரிகளில் 1960களின் முற்பகுதியில் 12ஆம் இலக்கம் 32 அங்குல மார்பளவைக் குறித்தது. அப்பத்தாண்டின் இறுதியில் அதே இலக்கம் 34 அங்குலமாயிற்று. ஆகவே அளவு நாடாவே நமக்கு வழிகாட்டி.

நாற்பதுகளின் மாதிரிகளில் தோள் அகன்று உயர்ந்திருக்கும். உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பதற்கான வெட்டு அது. பஞ்சை நீக்கிவிட்டால் துணி தொங்கும். தோள்முனையை அரை அங்குலம் தாழ்த்துங்கள். அக்குளின் அடியையும் அதே அரை அங்குலம் இறக்குங்கள். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். பின்னர் கைத்துளை சிறுத்து, கையை உயர்த்த இயலாமற் போகிறது. மார்புப் பகுதியில் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் 'டார்ட்'டின் நுனியும் அந்நாளில் சற்று மேலே இருந்தது. அதனையும் உடலுக்கேற்பக் கீழிறக்குதல் நலம்.

கண்டிக்கு வந்து உப்பிய கையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? ஒசரி எனப்படும் கண்டிச் சேலையின் சட்டைக்கு அதுவே அழகு. இடுப்பில் கொசுவிய சிறு மடிப்பும், இடத்தோளில் வீழும் முந்தானையும், உப்பிய கையும் சேர்ந்த அவ்வுடையை, 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் பன்னாட்டு அரங்குகளிலும் அணிந்தார். அந்தக் கையைக் குறுக்க விரும்பினால், மாதிரியின் மேல்வளைவிலிருந்து கீழ்நோக்கி மூன்று நான்கு இடங்களில் கீறி, கீழ் விளிம்பை விட்டுவிட்டு, மேற்புறத்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது ஏற்றி ஒட்டுங்கள். உப்பல் அடங்கும், சாயல் நிற்கும். முற்றிலும் எடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்புறம் அது கண்டிச் சட்டையாக இராது.

பூவேலைக்கும் தொலைவு போகவேண்டியதில்லை. உடுநுவரையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தில், கதிர்காமக் கடவுளின் மண்டபத் தூண்களில் கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கண்டிநாட்டு ஊசிவேலைகளையும் ஆராய்ந்தார். அவருடைய மனைவி எதெல் இத்தீவில் கைப்பணிகளைக் கண்டு பழகியவர். பிற்காலத்தில் எதெல் மாரெட் என்னும் பெயரால் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நெசவுக் கலைஞரானார். வெற்றிலைப் பைகளில் சிவப்பும் வெள்ளையுமாக நெருங்கிக் கிடந்த கொடியையும் தாமரையையும் இன்று ஒரே நிற நூலில், சங்கிலித் தையலாக, கைவிளிம்பில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சட்டை முழுவதும் அன்னங்களை நீந்தவிட்டால் அணிந்தவளின் முகத்தை யார் பார்ப்பார்கள்!

நல்ல துணியில் கை வைக்குமுன், கிழிந்த படுக்கை விரிப்பில் ஒருமுறை வெட்டித் தைத்துப் பாருங்கள். கொழும்பு வீதிப் புடவைக் கடைக்கு அதன் பின்னர் போகலாம். படியெடுத்த தாளை மடியாமல் சுருட்டி வையுங்கள். அதன் ஓரத்தில் யாருடைய சட்டை, எந்த ஆண்டு, மார்பும் இடுப்பும் என்ன அளவு என்று பென்சிலால் குறியுங்கள். வெட்டியவர் இன்னும் நம்மோடு இருந்தால், அவரை அருகில் அமர்த்திக்கொண்டே எழுதுங்கள். சில துண்டுகளில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.